நாகராசு கழட்ட முடியாத ஜாக்கி

— மிதிக்காதீங்க, மிதிக்காதீங்க! சக்கரம் சுத்தச் சுத்தப் பள்ளந்தான் பறிக்குது. ஆப் பண்ணுங்க மொதல்ல.

— பண்ணிட்டேன். ஏன் செல்வி இப்புடிப் பதறுற? சேறுதானே?

— சேறுதானேவா? எறங்கிக் குனிஞ்சு பாருங்க. ஜீப்பு வயிறு மண்ணுல ஒக்காந்துருச்சு.

— மேல வெடிச்சுக் காஞ்சுல்ல கெடந்துச்சு?

— கண்மாய் அப்புடித்தாங்க கெடக்கும். மேல அப்பளம், உள்ள களி. ரோட்டு வழியாப் போங்கன்னு கரையில வச்சே சொன்னேனா இல்லையா?

— ரோட்டுல போனா இது ஜீப்பா, மினி பஸ்ஸான்னு எவனுக்குத் தெரியும்? அங்கிட்டு முந்திரிக்காட்டுல, காடு மேடுன்னு ஓட்டுற குழுவோட அத்தன ஜீப்பும் வந்து நிக்கிது. நம்ம வண்டி கண்மாய்க்குள்ள பூந்து, கரையேறி, ஒடம்பெல்லாம் சேத்தோட போயி நிக்கணும். குழுத் தலைவரு அரவிந்த்குமாரு அதப் பாத்து அசந்து போகணும்.

— சேறு வேணும்னு கேட்டீங்க, வேணுங்குற அளவுக்குக் கெடச்சிருச்சு.

— சிரி, சிரி. நான் ஒண்ணும் பயப்புடல. ஏன் பயப்புடல? நம்மகிட்ட என்ன இருக்கு?

— சரி விடுங்க.

— விட மாட்டேன். சொல்லு. நம்மகிட்ட என்ன இருக்கு?

— ஜாக்கி இருக்கு.

— வெறும் ஜாக்கியா? எந்திரிச்சு நின்னா ஒன் நெஞ்சு ஒசரம் வர்ற ஜாக்கி. கோயமுத்தூர்லேருந்து வரவழைச்ச ஜாக்கி. இந்த மாதிரிச் சேத்துல சிக்குற வண்டியத் தூக்குறதுக்குன்னே செஞ்ச ஜாக்கி. அதக் கொண்டாந்து வண்டிக்குள்ள மாட்டுனது யாரு?

— நான்தான். யாரும் இல்லாத கண்மாயில நின்னுக்கிட்டு எதுக்குங்க இந்தக் கேள்வி?

— யாரும் இல்லாட்டி என்ன, கொக்கு கேக்கட்டும். நாஞ் சொல்லல? ஒன்னைய ஆவூர்லேருந்து கட்டிக்கிட்டு வந்தப்பவே எங்க மாமன்கிட்டச் சொன்னேன், இந்தப் புள்ள கை சும்மா இருக்குற கை இல்லன்னு. இப்பப் பாரு. ரெண்டு சீட்டுக்கும் பின்னால, தரையோட தரையா, தொட்டில்ல புள்ளையப் படுக்கப் போட்ட மாதிரி படுத்திருக்கு. கரையிலேருந்து குதிச்சு எறங்குனோமே, டங்குன்னு ஒரு சத்தம் வந்துச்சா?

— அடியில டியூப் ரப்பர் வெட்டி வச்சிருக்கேன். அதான்.

— அதான்ங்குறா. ஊருல எவன் வைப்பான் டியூப் ரப்பரு? நான் என்ன கேட்டேன், தலைக்கு மேல கம்பியில மாட்டு, பாக்க கெத்தா இருக்கும்னு கேட்டேன்.

— வண்டி கவுந்தா அது நேரா உங்க மண்டையிலதான் எறங்கும். வெளியில மாட்டுனா சேறு அப்பி ஜாக்கியோட பல்லெல்லாம் இறுகிப் போகும். அதனாலதான் உள்ள, கீழ.

— இதத்தான் அரவிந்த்குமாருகிட்டயும் சொன்னேன். நான் அனுப்புன போட்டோவப் பாத்துட்டு அவரு என்ன கேட்டாரு?

— நூறு தடவ சொல்லிட்டீங்க.

— நூத்தியோராவது தடவ கேளு. “இத மாட்டுனது யாரு?”ன்னாரு. எம் பொண்டாட்டி மரிய செல்வின்னேன். நம்ப மாட்டாருன்னு பாத்தா, “அவங்களையே வண்டியோட கூட்டிட்டு வாங்க, எங்க குழுவுல உள்ள எல்லா ஜீப்புக்கும் மாட்டணும்”னாரு. மாதா மேல சத்தியமா எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

— எனக்குந்தான். நான் காட்டிக்கல. நம்ம பட்டறைக்கு வர்ற ஒவ்வொருத்தரும், நான் கையில வெல்டிங் ராடப் புடிச்சுக்கிட்டு நிக்கும்போதே “ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?”ன்னுதான் கேப்பாக. எம் பேரச் சொல்லிக் கூப்புட்ட மொத ஆளு இவருதான். இன்னிக்கிப் போய்ச் சேரலைன்னா அவுக காட்டுக்குள்ள கெளம்பிருவாக. அப்புறம் எங்க கூப்புடப் போறாக?

— அதெல்லாம் போயிருவோம். நீ ஒக்காரு. நான் ஜாக்கிய எடுக்குறேன்.

— இருங்க.

— என்ன இருங்க?

— கொஞ்சம் இருங்க. வேற வழி இருக்கான்னு பாப்போம். பலகை ஏதாச்சும்…

— ஜாக்கி இருக்கயில பலகை எதுக்கு? அடடா, ஜாக்கியப் புடிச்சிருக்குற இந்த இரும்புப் பட்டையப் பாரேன். ராவி மழமழன்னு வச்சிருக்கா. ஏ செல்வி, இத எங்க திருகணும்?

— அதுக்குத்தான் கொஞ்சம் இருங்கன்னேன்.

— போல்ட்டுத் தலையெல்லாம் மொட்டையா இருக்கு. ஸ்பேனர் புடிக்க மாட்டேங்குது. எங்கிட்டு இருக்கு இதுக்கு நட்டு?

— கீழ.

— கீழன்னா?

— வண்டிக்குக் கீழ. தரையத் தொளைச்சு போல்ட்ட எறக்கி, அடியில ரெட்டை நட்டுப் போட்டு முறுக்கியிருக்கேன்.

— கீழன்னா… இந்தச் சேத்துக்குள்ளயா?

— ஆமா.

— அப்ப ஜாக்கிய எடுக்கணும்னா?

— வண்டியத் தூக்கணும்.

— வண்டியத் தூக்கணும்னா?

— ஜாக்கி வேணும். திட்டணும்னா திட்டிருங்க.

— செல்வி.

— சொல்லுங்க.

— இதுதான்டி வேலை!

— என்னது?

— நான் என்ன கேட்டேன்? அந்த இரவல் நாகராசு மட்டும் இந்த ஜாக்கியக் கழட்டிட்டுப் போகக்கூடாது, அப்புடி மாட்டுன்னு கேட்டேன். நீ நானே கழட்ட முடியாதபடி மாட்டியிருக்க! எந்தப் பட்டறையில இப்புடி மாட்டுவான்?

— பாராட்டாதீங்க! தயவு செஞ்சு பாராட்டாதீங்க. வண்டி எறங்குன ஒடனேயே எனக்குத் தெரிஞ்சிருச்சு.

— தெரிஞ்சுமா சும்மா இருந்த?

— எப்புடிச் சொல்றது? ஊரு பூரா எம் பொண்டாட்டி எம் பொண்டாட்டின்னு போட்டோவக் காட்டிட்டுத் திரியுறீங்க. பட்டறையில குழி இருக்குல்ல, வண்டிய மேல நிறுத்திட்டு நான் குழிக்குள்ள நின்னுதான் வேலை பாத்தேன். அங்கிட்டு நின்னு பாத்தா அடிப்பக்கந்தான் கைக்கு வாட்டமா இருந்துச்சு. நட்டு கண்ணுக்கு நேரா இருந்துச்சு. குழி நம்ம கூடவே வராதுங்குறத மறந்துட்டேன்.

— சரி, அழுவாத. கையால தோண்டிப் பாப்போமா?

— தோண்டுறேன், பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க? எடுக்க எடுக்க வந்து மூடுது. பாயசத்துல கரண்டிய விட்ட மாதிரி இருக்கு.

— போன் அடிக்குது பாரு.

— அவருதான். அரவிந்த்குமாரு. எடுக்கவா?

— எடுக்காத, எடுக்காத! வந்துக்கிட்டு இருக்கோம், நெட்வொர்க்கு இல்லன்னு அப்புறம் சொல்லிக்கலாம்.

— கட்டாயிருச்சு. இங்க பாருங்க, அந்தக் கரைக்கு அந்தாண்ட தெரியிற தோப்பு நாகராசு தோப்புதானே?

— அதுக்கு?

— கூப்புடுங்க.

— யார? அவனையா? இந்தக் கண்மாய்லயே நாத்தா மொளைச்சாலும் மொளைப்பேன், அவனக் கூப்புட மாட்டேன். கஜா புயல்ல மரம் சாஞ்சப்ப என்ன சொல்லி என் திருகு ஜாக்கிய வாங்கிட்டுப் போனான்? “தப்பா நெனைக்காதீங்கண்ணே, சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் குடுத்துர்றேன்.” எந்த வருசச் சாயங்காலம்னு அவன் சொல்லல. நானும் கேக்கல.

— கேட்டுருக்கலாம்ல?

— கேட்டா என்ன நெனைப்பான்? ஒரு ஜாக்கிக்கா இப்புடி அலையுறாருன்னு ஊருல சொல்வான். அதோட விட்டானா? ஏணி போச்சு. கடப்பாரை போச்சு. நம்ம கல்யாணத்துக்கு வந்த பெரிய அண்டா அவன் வீட்டு மாட்டுக்குத் தண்ணி வைக்குது. நான் இந்தப் புது ஜாக்கிய வாங்குன அன்னிக்கே வந்து தடவிப் பாக்குறான். அதுக்குத்தான் ஒன்னைய இப்புடி மாட்டச் சொன்னேன்.

— கூப்புடவே வேணாம். அந்தா அவரே வர்றாரு.

— எங்க? சேசுவே. ஆமா, அவனேதான். திரும்பி நில்லு, பாக்காத மாதிரி நில்லு.

— ஜீப்ப எங்கிட்டுங்க திருப்பி வைக்கிறது?

— சந்தனராஜண்ணே! அத்தாச்சி! என்ன, கண்மாய்க்குள்ள நிக்கிறீக?

— சும்மாத்தான்டா நாகராசு. காத்து வாங்குறோம்.

— காத்து நல்லாத்தான் வருது. அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. ஒங்க வண்டியப் பாத்துட்டுத்தான் ஓடியாறேன். அந்தப் பெரிய ஜாக்கிய ஒரு நிமிசம் குடுங்க. தோப்புல முந்திரிக் கட்டை ஒண்ணு வேரோட நிக்கிது. சங்கிலியப் போட்டு ஜாக்கியால நெம்புனா கெளம்பிரும்.

— கேட்டியா செல்வி? கேட்டியா? வண்டி வயிறு வரைக்கும் மண்ணுக்குள்ள நிக்கிது. இவன் ஜாக்கிய இரவல் கேக்குறான்!

— அட, சிக்கியா நிக்கிறீக? நான் நெசமாவே காத்து வாங்குறீகன்னு நெனைச்சேன். அப்ப ஜாக்கியப் போட்டுத் தூக்குறதுதானே?

— தூக்கலாம் தம்பி. ஆனா ஜாக்கிய வெளிய எடுக்க முடியல. நட்டு வண்டிக்கு அடியில இருக்கு. வண்டி எந்திரிச்சாத்தான் நட்டு வரும்.

— ஏ செல்வி, அவன்கிட்ட ஏன் சொல்ற?

— சொல்லித்தாங்க ஆகணும். நான் பண்ணுன தப்பு தம்பி. யாரும் எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு மாட்டுனேன்.

— யாரும்னா? நானா? எனக்காகவா அத்தாச்சி இம்புட்டு வேலை பாத்தீக? எங்க, தள்ளுங்க, பாப்போம். அடேயப்பா! எம்புட்டு நேக்கா இருக்கு. இது எடம் தெரியாம ஒக்காந்துருக்குண்ணே. இத நான் கழட்ட வந்திருந்தா நாள் பூரா தடவிட்டு வெறுங்கையோடதான் போயிருப்பேன்.

— நாஞ் சொல்லல? எதிராளியே சொல்றான் பாரு!

— நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. தம்பி, எங்க பழைய திருகு ஜாக்கி ஒங்ககிட்ட இருக்குதா?

— இல்ல வித்துட்டியாடா?

— அண்ணே! விக்கிறதா? பத்திரமா இருக்கு. வாராவாரம் எண்ணெய் விட்டுத் தொடைக்கிறேன்.

— அப்ப ஏன்டா இத்தன வருசமாக் குடுக்கல?

— எப்புடிண்ணே குடுக்குறது? புயல்ல தென்னை விழுந்து மோட்டார்க் கொட்டகை உத்தரம் ஒடிஞ்சு போச்சு. அதத் தூக்கி நிறுத்தத்தான் வாங்கியாந்தேன். தூக்கிட்டேன். அதுக்கப்புறம் எடுக்க முடியல. எடுத்தா கூரை எறங்கிரும். இந்தா தூணு வைக்கிறேன், அந்தா வைக்கிறேன்னு ஒவ்வொரு வெள்ளாமையா தள்ளிப் போச்சு. ஒங்களப் பாக்கும்போதெல்லாம் சொல்லிரணும்னுதான் வருவேன். வாய்க்கு வராது. வெக்கமா இருக்கும். அந்த வெக்கத்துல வேற எதையாச்சும் இரவல் கேட்டு வச்சிருவேன்.

— அப்புடித்தான் அண்டா போச்சா?

— அப்புடித்தான் போச்சுண்ணே.

— தம்பி, அந்த ஜாக்கி இப்ப வேணும். பின்பக்கம் ஒரு சாண் தூக்குனாப் போதும், நான் கைய விட்டு நட்டக் கழட்டிருவேன். பெரிய ஜாக்கி வெளிய வந்துட்டா மிச்சத்த அது பாத்துக்கும். கொட்டகைக்கு வேற ஏதாச்சும் முட்டுக் குடுக்க முடியுமா?

— கெடக்கு அத்தாச்சி, ஒரு பனங்கட்டை கெடக்கு. சாயங்காலம் வரைக்கும் தாங்கும். ராத்திரிக்குத் தாங்குமான்னு தெரியாது. நாலு தென்ன மட்டையும் ரெண்டு பலகையும் சேத்து எடுத்தாறேன். இல்லாட்டி சின்ன ஜாக்கி சேத்துக்குள்ள முங்கிரும்.

— ஓடு தம்பி.

— ஓடுறான் பாத்தியா? ஜாக்கி வாங்கிட்டுப் போனப்பவும் இப்புடித்தான் ஓடுனான்.

— அவரு கொட்டகையப் பிரிச்சுட்டு நமக்காக ஓடுறாரு. நீங்க அந்த ஸ்டெப்னியக் கழட்டுங்க.

— ஸ்டெப்னி எதுக்கு?

— நான் கைய விடும்போது வண்டிக்கு அடியில தள்ளி வைக்க. சின்ன ஜாக்கி சரிஞ்சாலும் வண்டி சக்கரத்து மேல ஒக்காரணும், என் தோள் மேல ஒக்காரக்கூடாது.

— இந்த நெனைப்பு எனக்கு ஓடல பாரு. நான் வேணா கைய விடுறேனே செல்வி?

— வேணாம். எந்த நட்டு எங்க இருக்குன்னு என் கைக்குத்தான் தெரியும். போட்டது நான்தானே?

— போன் மறுபடியும் அடிக்குது.

— குடுங்க. ஹலோ, சொல்லுங்க சார். நான் மரிய செல்விதான் பேசுறேன். இல்ல சார், நெட்வொர்க்கு நல்லாத்தான் இருக்கு. கண்மாய்ல சிக்கிட்டோம் சார்.

— ஏய், சொல்லாத!

— இருக்கு சார், ஜாக்கி இருக்கு. ஆனா நான் மாட்டுனதுல ஒரு தப்புப் பண்ணிட்டேன். நட்ட வண்டிக்கு அடியில போட்டுட்டேன். வண்டி ஒக்காந்துட்டா கழட்ட வரல… ஆமா சார்… மேல போட்டிருக்கணும்… சரிங்க சார்.

— போச்சு. எல்லாம் போச்சு. என்ன சொன்னாரு?

— சிரிக்கிறாரு.

— சிரிப்பாருல்ல? வேற ஆளப் பாத்துக்குறேன்னு சொல்லிட்டாரா?

— இல்லங்க. அங்க நிக்கிற ஜீப்புல பாதிப் பேரு அப்புடித்தான் அடியில நட்டுப் போட்டு மாட்டியிருக்காகளாம். இப்பத்தான் அவரு குனிஞ்சு பாத்தாராம். “நீங்க வர்ற வரைக்கும் ஒரு வண்டியக்கூட சேத்துல விட மாட்டேன், வாங்க”ன்னாரு.

— நாஞ் சொல்லல?

— நீங்க சொல்லாதன்னுதான் சொன்னீங்க.

— அண்ணே! இந்தாங்க ஜாக்கி. இந்தாங்க பலகை, மட்டை. அத்தாச்சி, எங்கிட்டு வைக்கணும்?

— பின்னாடி பம்பருக்கு நடுவுல. பலகைய ரெண்டாப் போடுங்க. ம், திருகுங்க. மெதுவா. இன்னும். என்ன தம்பி, வெண்ணெய் மாதிரி ஏறுது?

— எண்ணெய் விட்டேன்னு சொன்னேன்ல?

— ஸ்டெப்னியத் தள்ளுங்க. போதும். நான் படுக்குறேன். ஸ்பேனரு.

— சேலையெல்லாம் சேறு, செல்வி.

— சேறோட போயி நிக்கணும்னு ஆசைப்பட்டது நீங்கதானே? ஒண்ணு வந்துருச்சு. இது வழுக்குது. ம்… வந்துருச்சு. மேல ஒரு ஆள் நில்லுங்க. போல்ட்டு ஒண்ணு ஒண்ணா மேல வரும், தவற விட்டுறாதீங்க.

— வருது, வருது! நாகராசு, புடிடா அந்தத் தலைமாட்ட. தூக்கு. ஆத்தாடி, என்னா கனம்!

— இதத்தான் அண்ணே நான் தோள்ல தூக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்.

— பேச்ச விட்டுட்டு ஜாக்கிய நிறுத்துங்க. ஒவ்வொரு பல்லாத்தான் ஏத்தணும். அவசரப்பட்டா கைப்பிடி எகிறித் தாடையில அடிக்கும். சக்கரம் மேல வந்ததும் அதுக்கு அடியில மட்டையத் திணிங்க.

— வருது பாரு! கண்மாயே தூக்கிக் குடுக்குற மாதிரி வருது பாரு!

— இப்ப ஏறி ஒக்காந்து எடுங்க. மெல்ல. மிதிக்காதீங்கன்னு சொல்றேன்ல? அப்புடியே… அப்புடியே… கரையில போயி நிறுத்துங்க!

— நிறுத்திட்டேன்! செல்வி, நாகராசு, வாங்கடா மேல! மாதாவே, ஜீப்புக்கு இருக்குற மரியாதைய இன்னிக்கிக் காப்பாத்திட்ட.

— மாதா காப்பாத்துனாக, சரி. திருகு ஜாக்கிக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க. தம்பி, அந்த ஸ்பேனரக் குடுங்க.

— மறுபடியும் எதுக்கு அத்தாச்சி படுக்குறீக?

— போல்ட்டக் கீழேருந்து மேல ஏத்தி விடுறேன். நட்ட மேல போடுங்க. கையாலயே முறுக்குங்க, அப்புறம் ஒரு இழுப்பு ஸ்பேனரால. ம், அம்புட்டுத்தான். இப்ப சீட்டுல ஒக்காந்துக்கிட்டே கழட்டலாம்.

— செல்வி, இப்ப யாரு வேணாலும் கழட்டலாமே.

— ஆமா. யாரு வேணாலும் கழட்டலாம். கழட்ட முடியலைன்னா அது எதுக்குங்க ஜாக்கி?

— …நாகராசு.

— சொல்லுங்கண்ணே.

— ஒன் முந்திரிக் கட்டை இருக்குல்ல?

— இருக்குண்ணே.

— நாளைக்கி வந்து இந்தப் பெரிய ஜாக்கிய எடுத்துட்டுப் போ. நீயே கழட்டிக்க. எங்க திருகணும்னு அத்தாச்சி காட்டுவா. ஊருல எவன் கேட்டாலும், இது எங்கண்ணன் பொண்டாட்டி மாட்டுனதுன்னு சொல்லணும். மரிய செல்வின்னு பேரச் சொல்லிச் சொல்லணும்.

— கட்டாயம் சொல்றேண்ணே.

— கொட்டகைக்கு நான் ஒரு இரும்புத் தூண் அடிச்சுத் தாரேன் தம்பி. முந்திரிக்காட்டு வேலை முடியட்டும், வந்து அளவெடுக்குறேன்.

— நீங்க அடிச்சா அந்தக் கொட்டகை அடுத்த புயலையே கேள்வி கேக்கும் அத்தாச்சி.

— சரி, நேரமாச்சு. ஏறு செல்வி. அந்தத் திருகு ஜாக்கியையும் உள்ள போடு. போற வழியில இன்னும் சேறு இருந்தாலும் இருக்கும். நம்ம ஜாக்கிதானே, இத்தன வருசம் கழிச்சு வீட்டுக்கு வருது.

— எடுத்துட்டுப் போங்கண்ணே. ஒரு வார்த்தை மட்டும்.

— என்னடா?

— தப்பா நெனைக்காதீங்கண்ணே. சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் குடுத்துருங்க.